பழைய செய்திகளில் ‘வெள்ளம்’ எத்தனை முறை வந்தது?

என் சித்தி மகள் ஊடகத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். அவளுடைய கேள்வி, கேட்பதற்குச் சுலபமானது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதற்கு அப்புறம், தமிழ்ச் செய்திகள் மழை வெள்ளத்தைப் பற்றி எழுதும்போது காலநிலை மாற்றத்தையும் சேர்த்துப் பேசத் தொடங்கினவா? அதற்கு 2008 நிஷா புயலில் தொடங்கி 2024 ஃபெஞ்சல் புயல் வரை சில செய்தித் தளங்களின் பழைய செய்திகளை எடுத்து, வெள்ளம், புயல், காலநிலை மாற்றம், பருவநிலை மாற்றம், புவி வெப்பமயமாதல் போன்ற சொற்கள் மாதவாரியாக எவ்வளவு வருகின்றன என்று எண்ண வேண்டும். எனக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதத் தெரியும் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

எண்ணுவது கணினிக்கு நிமிட வேலை. எதை ஒரு ‘வெள்ளம்’ என்று கணக்கில் எடுப்பது, எண்ணி வந்ததை எதால் வகுப்பது என்ற இரண்டிலும்தான் உழைப்பெல்லாம் போனது. தமிழில் இதே மாதிரி வேலையில் இறங்குபவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் செய்திகளைச் சேர்ப்பது. தளத்திலுள்ள பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பிலிருந்து முகவரிகளை எடுத்தோம். நிரல்கள் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று தளம் அறிவிக்கும் ரோபாட்ஸ் கோப்பில், வராதே என்று சொல்லியிருந்த பகுதிகளைத் தொடவில்லை. ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் இடையே சில நொடிகள் விட்டுத்தான் இறக்கினோம். பல்கலைக்கழகக் கடிதத்தோடு ஆசிரியர் குழுக்களுக்கு எழுதி, செய்திகளை எங்கும் மறுபடி வெளியிட மாட்டோம், எண்ணிக்கைகளை மட்டுமே ஆய்வேட்டில் சேர்ப்போம் என்றும் சொல்லிவிட்டோம். தளத்திலேயே காணாமல் போன பக்கங்களுக்கு, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் இருந்தது. இறக்கிய எச்டிஎம்எல் பக்கத்தை அப்படியே சுருக்கி வைத்துக்கொள்வதில் மட்டும் சோம்பல் பார்க்கக் கூடாது. செய்தியை மட்டும் பிரித்தெடுக்கும் விதிகளைப் பின்னால் எத்தனையோ முறை மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் தளத்தின் கதவைப் போய்த் தட்ட முடியாது.

2008, 2009 வாக்கில் எல்லாத் தளங்களும், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு வந்திருக்கவில்லை. தமிழ்நாடு அரசு 1999இல் டாப், டாம் என்று இரண்டு குறியேற்றங்களை, அதாவது எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறைகளை, அறிவித்திருந்தது. யூனிகோடை அரசுத் தரமாக ஏற்றது 2010இல்தான். இடையில் ஆளுக்கொரு எழுத்துரு. இலங்கைத் தளங்கள் பலவற்றில் பாமினி. பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகளாகத்தான் கோப்பில் கிடக்கும். நடுவில் உண்மையாகவே ஒரு ஆங்கிலச் சொல் வந்தால், யூனிகோடுக்கு மாற்றும் நிரல் அதையும் தமிழாக்கி உளறலாக்கிவிடும். எந்தப் பகுதி எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பதைப் பக்கத்தின் குறிச்சொல்லைப் பார்த்து முடிவுசெய்துதான் மாற்ற வேண்டும். இன்னொரு சங்கதி, இந்தப் பழைய முறைகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகளைச் சேமித்தன: ‘வெ’ என்றால் கொம்பு முதலில், வகரம் பிறகு. யூனிகோடில் தலைகீழ். மாற்றும் நிரல் இதைச் சரியாகச் செய்கிறதா என்று பார்க்க ‘வெள்ளம்’ என்ற சொல்லே நல்ல சோதனைப் பொருளாக அமைந்தது.

இலங்கைத் தளங்களைக் கடைசியில் விட்டுவிட்டோம். குறியேற்றம் காரணமல்ல. அங்கே ‘சீரற்ற காலநிலை காரணமாக’ என்று எழுதினால் அன்றைய மழையையும் காற்றையும்தான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுச் செய்தியில் அதே இடத்தில் ‘வானிலை’ வரும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் யாருக்கும் எதுவும் புரியாது. அது தனி ஆய்வாகச் செய்ய வேண்டியது.

பக்கவாட்டுப் பட்டியல் என்னும் தொல்லை

2011ஆம் ஆண்டுச் செய்தி ஒன்றில் ‘மிக்ஜாம்’ வந்திருந்தது. மிக்ஜாம் 2023 டிசம்பர்ப் புயல். மியான்மர் கொடுத்த பெயர். 2011இல் அப்படி ஒரு பெயரைச் செய்தியில் யாரும் எழுதியிருக்க முடியாது. பக்கத்தைத் திறந்து பார்த்தால், செய்தி பழையதுதான், ஆனால் ஓரத்தில் இருக்கும் ‘தொடர்புடைய செய்திகள்’, ‘அதிகம் படித்தவை’ எல்லாம் பக்கம் எந்த நாளில் சேமிக்கப்பட்டதோ அந்த நாளுக்குரியவை. புயல் வீசிய வாரத்தில் சேமித்த பழைய பக்கங்கள் அத்தனையிலும் புயல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

செய்தியின் உடலை மட்டும் பிரித்தெடுக்க டிராஃபிலாடுரா என்ற பைத்தான் நூலகத்தைப் பயன்படுத்தினோம். பெரும்பாலும் நன்றாகவே செய்கிறது. ஆனால் பத்திகளுக்கு நடுவே ‘இதையும் படிக்க’ என்று ஒரு வரியைச் செருகும் பழக்கம் பல தளங்களில் உண்டு. அது செய்தியின் ஒரு பகுதி மாதிரியே தப்பித்து உள்ளே வந்துவிடும். ஒவ்வொரு தளத்துக்கும் தனியாக விதி எழுதித்தான் அதைக் களைய முடிந்தது.

களைந்தாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மிக்ஜாம் கற்றுக்கொடுத்த வழிதான்: அந்தக் காலத்தில் இருந்திருக்கவே முடியாத சொல்லைத் தேடுவது. ‘கோவிட்’ என்ற பெயரை உலக சுகாதார நிறுவனம் சூட்டியது 2020 பிப்ரவரி 11. அதற்கு முந்தைய தேதியிட்ட எந்தச் செய்தியிலும் அது வரக் கூடாது. வந்தால் ஒன்று பக்கவாட்டுப் பட்டியல் கசிகிறது, இல்லையென்றால் தேதி தப்பு. ‘கொரோனா’வை இதற்குப் பயன்படுத்த முடியாது. கிரகணச் செய்திகளில் சூரியனின் கொரோனா முன்பே உண்டு. இந்தத் தேடலை ஒவ்வொரு முறை விதிகளை மாற்றும்போதும் ஓட்டினேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மூன்று வரி நிரல், அவ்வளவு பிழைகளைப் பிடித்துக் கொடுத்தது.

தேதி தப்பும் கிடைத்தது. ஒரு தளம் இடையில் தன் மென்பொருளை மாற்றியபோது பழைய செய்திகள் ஏராளமானவற்றுக்கு மாற்றிய நாளையே வெளியான தேதியாகப் போட்டுவிட்டிருந்தது. தங்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணா, இந்த ஒரு மாசத்துல மட்டும் எல்லாச் சொல்லும் சேர்ந்து எகிறுதே, நாட்ல என்ன நடந்துச்சு?” என்றாள். நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை. செய்தியின் முகவரியிலேயே ஆண்டும் மாதமும் இருந்ததால் அதை வைத்துத் தேதியைச் சரிசெய்தோம். முகவரியில் தேதி இல்லாதவற்றைக் கழித்துவிட்டோம்.

சொல்லைச் சொல்லாகப் படிக்க வைப்பது

பைத்தானில் எழுத்துக் கோவைகளைத் தேடப் பயன்படும் வழக்கமான ரீஜெக்ஸில் ‘சொல்லெழுத்து’ என்பதற்கான குறி தமிழுக்கு உதவாது. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகவே மதிப்பதில்லை. அந்த இடங்களில் சொல் உடைந்துபோகும். ‘வெள்ளம்’ என்பது வ, ள, ளம என்று மூன்று துண்டாகும். சைக்கிட்-லேர்ன் நூலகத்தின் சொல் எண்ணி, ஓரெழுத்துத் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடும் என்பதால் கடைசியில் மிஞ்சுவது ‘ளம’. ‘காலநிலை’யில் மிஞ்சுவது ‘லந’. ‘மாற்றம்’ என்பதில் ‘றம’. பிழைச் செய்தி எதுவும் வராது. பட்டியல் அழகாகத் தயாராகி நிற்கும். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் முழு உரைத் தேடலுக்கும் இதே வியாதி உண்டு. அதில் எந்த வகை எழுத்துகளைச் சொல்லின் பகுதியாகக் கொள்வது என்று அமைக்க வசதி இருக்கிறது. துணைக்குறி வகைகளையும் அதில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். பைத்தானில் நான் சுற்றி வளைக்காமல், யூனிகோடின் தமிழ்ப் பகுதியிலுள்ள குறிகள் இடைவெளியின்றித் தொடர்ந்தால் அது ஒரு சொல் என்று எழுதிவிட்டேன்.

அதற்கும் முன்னால் எழுத்துகளைச் சுத்தம் செய்ய வேண்டும். ‘கொ’வில் வரும் துணைக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. என்எஃப்சி என்ற ஒழுங்குபடுத்தலை ஓட்டினால் இது தீரும். கண்ணுக்குத் தெரியாத இணைப்பான், பிரிப்பான் குறிகளையும் நீக்கினேன்.

என்எஃப்சி தீர்க்காதது ஒன்று உண்டு: ஔகாரக் குறி. அதன் பின்பாதி பார்ப்பதற்கு ளகரம் போலவே இருப்பதால், தட்டச்சு செய்பவர்கள் ‘வெளியீடு’ என்பதை ‘வௌியீடு’ என்று அடித்துவிடுகிறார்கள். அதே மாதிரி ‘வௌ்ளம்’. சில எழுத்துருக்களில் நடுவே ஒரு புள்ளி வட்டம் காட்டிக்கொடுக்கும். சிலவற்றில் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. தேடினால் மட்டும் அகப்படாது. இதற்குப் பாதுகாப்பான விதி இருக்கிறது. ஔகாரக் குறியை ஒட்டி இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ தமிழில் வரவே முடியாது. வந்தால் அது கொம்பும் ளகரமும்தான், தயங்காமல் மாற்றலாம். எதிர்த்திசையில், ‘கெளரவம்’ என்று ளகரம் போட்டு அடித்ததை ‘கௌரவம்’ ஆக்கக் கண்ணை மூடிக்கொண்டு விதி எழுதக் கூடாது. எழுதினால் வெள்ளமும் தெளிவும் கெளுத்தி மீனும் நாசமாகிவிடும். எங்கள் பட்டியலில் அந்த வகைச் சொல் எதுவும் இல்லை என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

எது வெள்ளம்?

தமிழில் ஒரு சொல் தனியாக நிற்பது அபூர்வம். வெள்ளத்தில், வெள்ளத்தால், வெள்ளமும், வெள்ளப்பெருக்கு, வெள்ளச்சேதம், வெள்ளக்காடு. சரி, ‘வெள்ள’ என்று தொடங்கும் எல்லாவற்றையும் எண்ணிவிடலாமே என்று தோன்றும். அப்படி எண்ணினால் வாரம் தவறாமல் வெள்ளம் வரும், வெள்ளிக்கிழமைதோறும். வெள்ளி விலை, வெள்ளை அறிக்கை, வெள்ளரிக்காய், வெள்ளாடு எல்லாம் கூடவே மிதந்து வரும். அதனால் சொல்லின் முன்பகுதியை வைத்து எண்ணும் முறையைக் கைவிட்டு, ‘வெள்ள’வுக்குப் பிறகு என்னென்ன வரலாம் என்று ஒரு பட்டியல் போட்டோம்: மகரம், இரட்டைத் தகரம், வல்லின ஒற்றுகள். அதிலும் வெள்ளக்கோவில் மாட்டிக்கொண்டது. திருப்பூர் மாவட்டத்து ஊர், மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விலக்குப் பட்டியலில் ஏற்றினோம்.

ஆயத்தமாகக் கிடைக்கும் தமிழ் வேர்ச்சொல் பிரிப்பிகளையும் ஓட்டிப் பார்த்தேன். பொதுவான பயன்பாட்டுக்கு அவை சரி. பத்துப் பதினைந்து சொற்களை மட்டும் குறிவைத்து எண்ணும் வேலைக்குக் கையால் எழுதிய பட்டியலே மேல் என்பது என் எண்ணம். எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்று ஆய்வேட்டில் அப்படியே அச்சிட்டுக் காட்டலாம்.

பட்டியல் முடிந்த பிறகும் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மேடு. “அண்ணா, வெயில் காலத்துல மதுரையில ஏது வெள்ளம்? வைகையில தண்ணியே அணையில இருந்து திறந்துவிட்டாத்தான்.” செய்திகளைத் திறந்தால், ‘பக்தர்கள் வெள்ளத்தில் மிதந்தது மதுரை’. அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரைத் திருவிழா. ரசிகர் வெள்ளம், தொண்டர் வெள்ளம், மனித வெள்ளம், கண்ணீர் வெள்ளம் என்று இது தேர்தல் பிரசாரம் வரை நீளும். வெள்ளத்துக்கு முந்தைய சொல் மக்கள், பக்தர், ரசிகர், தொண்டர், மனித, கண்ணீர் என்றிருந்தால் கழி என்று ஒரு விதி. அது பெரும்பாலானவற்றைப் பிடித்தது.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். ஊரே மூழ்கிய செய்தியில் ‘வெள்ளம்’ என்ற சொல் ஒரு முறைகூட இல்லாமல் இருக்கலாம். ‘தத்தளிக்கும் சென்னை’, ‘தீவாக மாறிய கிராமம்’, ‘வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது’ என்றே எழுதி முடித்திருப்பார்கள். பெருமழை மாதங்களில் எங்கள் விதிகளுக்கு அகப்படாத செய்திகளைக் குலுக்கல் முறையில் எடுத்துப் படித்துத்தான் இதைக் கண்டோம். இந்தத் தொடர்களில் சிலவற்றைச் சேர்த்தோம். ‘தத்தளிப்பு’ மட்டும் வேண்டாம் என்று விட்டது, கடனில் தத்தளிப்பவர்கள் செய்திகளில் அதிகம் என்பதால்.

புயல்களின் பெயர்கள் வேறு விதமான கூத்து. 2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த புயலின் பெயர் ‘தானே’. தமிழில் இதைவிட மோசமான பெயரை எண்ணுபவனுக்கு யாரும் வைத்திருக்க முடியாது. ‘தானே புயல்’ என்று சேர்ந்து வந்தால் மட்டும் கணக்கு, மற்றதெல்லாம் தானே வந்த தானே. 2017 புயல் ஒக்கி, ஓகி, ஒகி என்று மூன்று விதமாக எழுதப்பட்டது. மிக்ஜாமுக்கு மிச்சாங், மிக்ஜம். ஃபெஞ்சலுக்குப் பெஞ்சல், ஃபெங்கல், பெங்கல். ஒரே செய்தியின் தலைப்பில் ஒன்றும் உள்ளே இன்னொன்றும் இருப்பது சாதாரணம். ஒவ்வொரு புயலுக்கும் அது வீசிய வாரத்துச் செய்திகளில் ‘புயல்’ என்பதற்கு முந்தைய சொல்லை மட்டும் பிரித்துப் பட்டியலிட்டால், எழுத்து வடிவங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும்.

காலநிலையும் பருவநிலையும்

ஆய்வின் மையச் சொற்கள் இவைதான், இவற்றில்தான் அதிகம் தடுமாற வைக்கும் இடங்கள். ‘பருவநிலை மாற்றம்’ இரண்டு வேலை செய்கிறது. ஐ.நா. மாநாட்டுச் செய்தியிலும் வருகிறது, ‘பருவநிலை மாற்றத்தால் காய்ச்சல், சளி பரவுகிறது’ என்ற மருத்துவமனைச் செய்தியிலும் வருகிறது. பின்னதில் வெயில் முடிந்து மழை தொடங்குகிறது என்பதைத் தவிர வேறு அர்த்தமில்லை. அதே பத்தியில் காய்ச்சல், சளி, இருமல் இருந்தால் தனிப் பெட்டியில் போட்டோம். மாங்காய் விளைச்சல் குறைந்தது, மல்லிகை வரத்து குறைந்தது என்ற செய்திகளை எந்த விதியாலும் பிரிக்க முடியவில்லை. அவற்றை இருவரும் தனித்தனியாகப் படித்துக் குறித்து, ஒத்துப்போகாதவற்றை உட்கார்ந்து பேசித் தீர்த்தோம். எங்கள் குறிப்புகள் எந்த அளவு ஒத்துப்போயின என்பதற்குக் கோஹன் கப்பா என்ற அளவீட்டை நெறியாளர் கேட்டார், கொடுத்தாள்.

‘காலநிலை மாற்றம்’ வேறு வகை. 2021இல் அதன் கோடு செங்குத்தாக ஏறியது. அந்த ஆண்டு ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கை வந்தது, வடகிழக்குப் பருவமழையும் வெளுத்து வாங்கியது. கதை பொருத்தமாகத்தான் தெரிந்தது. செய்திகளைத் திறந்தால், பள்ளிக் கட்டடத் திறப்பு, நலத்திட்ட உதவி, கபடிப் போட்டி. 2021 மே மாதம் பதவியேற்ற அமைச்சரவையில் சுற்றுச்சூழல் துறையின் பெயரோடு காலநிலை மாற்றமும் சேர்ந்தது. அமைச்சர் எந்த விழாவுக்குப் போனாலும் ‘சுற்றுச்சூழல், காலநிலை மாற்றத் துறை அமைச்சர்’ என்று முழுப்பெயர் அச்சாகும். மத்திய அமைச்சகமும் 2014இல் இப்படிப் பெயர் மாற்றிக்கொண்டதுதான். அதனால் பின்னால் ‘துறை’, ‘அமைச்சகம்’, ‘இயக்கம்’ என்று வரும் இடங்களைத் தனியாகப் பிரித்து, இரண்டு கோடாக வரைந்தோம். மொத்தக் கோட்டின் அந்தச் செங்குத்து ஏற்றத்தில் பெரும்பகுதி பதவிப் பெயருடையதாகவே இருந்தது. இது கழிக்க வேண்டிய குப்பை இல்லை என்று தங்கை வாதாடினாள்: துறைக்குப் பெயர் வைத்ததால் அந்தத் தொடர் வாசகர்களுக்குப் பழகிப்போனதும் ஒரு முடிவுதானே. நியாயம்தான். அதை ஆய்வேட்டில் தனி அத்தியாயமாகவே வைத்திருக்கிறாள்.

எதால் வகுப்பது

2009இல் ஒரு தளம் ஒரு நாளில் போட்ட செய்திகளுக்கும் 2023இல் போட்டதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் எல்லாச் சொல்லும் ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டேதான் போகும். மொத்தச் சொற்களால் வகுத்தால் போதுமா என்றால், புயல் நாட்களின் ‘உடனுக்குடன்’ பக்கங்கள் கெடுத்துவிடும். ஒரே பக்கத்தில் பத்து முறை ‘புயல்’. அதனால் சொல் எத்தனை முறை வந்தது என்பதை விட்டு, பத்தாயிரம் செய்திகளில் எத்தனை செய்திகளில் அது வந்தது என்று கணக்கிட்டோம். ராசிபலன், சினிமா, விளையாட்டுப் பிரிவுகள் பின்னாளில் பெருத்தவை என்பதால் வகுக்கும் எண்ணிலிருந்தும் அவற்றை எடுத்துவிட்டோம்.

ஒரே செய்தி ஒரே தளத்தில் மாவட்டப் பக்கத்திலும் மாநிலப் பக்கத்திலும் இருந்தால் ஒன்றாகவே எண்ணினோம். அடுத்தடுத்த ஐந்து சொற்களைக் கொத்தாக எடுத்து, கொத்துகள் பெரும்பாலும் பொருந்தினால் நகல் என்பது விதி. வேறு வேறு தளங்கள் ஒரே ஏஜென்சிச் செய்தியைப் போட்டிருந்தால் அப்படியே விட்டோம். வாசகர்களும் வேறு வேறுதானே.

செய்தியே கிடைக்காத நாட்களுக்குப் பூஜ்யம் போடக் கூடாது, கட்டத்தைக் காலியாகவே விட வேண்டும். 2015 டிசம்பர் 2 அன்று தி இந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவே இல்லை. ஊழியர்களால் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. அந்த நாளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் சென்னையில் மழையே இல்லை என்பார். இணையத் தளங்களிலும் இப்படி ஓட்டைகள் உண்டு. அதனால் ஒவ்வொரு மாதமும் எத்தனை நாட்களுக்குச் செய்தி கிடைத்தது என்ற நெடுவரிசையை அட்டவணையில் சேர்த்தோம். அக்டோபரை முந்தைய ஆண்டு அக்டோபரோடு மட்டுமே ஒப்பிட்டோம். 2018 ஆகஸ்டில் எழுந்த பெரிய மேடு கேரள வெள்ளம். ஜூன், ஜூலை மேடுகளில் அசாம் பங்கு அதிகம். இடப்பெயர்களை வைத்துத் தமிழ்நாட்டுச் செய்தியைத் தனியாகப் பிரித்த பிறகுதான் அவளுடைய கேள்விக்கு விடை தேடும் நிலைக்கே வந்தோம்.

நிரல், சேர்த்த வடிவங்களின் பட்டியல், விலக்குப் பட்டியல் மூன்றையும் அவள் கையில் கொடுத்துவிட்டேன். இப்போது அடுத்ததாக ‘வறட்சி’யைக் கேட்கிறாள். ஓட்டிப் பார்த்ததில் முதலில் வந்து நின்றது தோல் வறட்சி. தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார்கள். அழகுக் குறிப்புப் பிரிவைக் கழித்துவிட்டுத்தான் அந்த வேலையைத் தொடங்க வேண்டும்.